போன் பேசலைன்னா... சட்டம் பேசும்!

லீவு விட்டாச்சு. கொடைக்கானல் போகலாம்னு வீட்டில் முடிவும் ஆயிடுச்சு. ஸ்வெட்டர், மங்கி குல்லா, வாந்தி மாத்திரை, எலுமிச்சம்பழம்... எல்லாம் ரெடி. இன்னொண்ணு எடுத்துக்கிட்டீங்களா? அதாங்க, இ-பாஸ்!

2024 மே 7-ம் தேதியிலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டியில் போகிறவர்கள் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டுதான் கிளம்பணும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு இது. மலை தாங்குகிற அளவுக்குத்தான் வண்டிகள் ஏறணும் என்கிற நியாயமான எண்ணத்தில் வந்த ஏற்பாடு. 2025 கோடை சீஸனில் இன்னும் ஒரு படி மேலே போய், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையும் நிர்ணயித்தார்கள். உள்ளூர்க்காரர்களின் வண்டிக்கு விலக்கு உண்டு. பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாஸே வேண்டாம்.

பாஸ் முறை சரியா, தப்பா என்பது இங்கே பேச்சில்லை. நாம் பார்க்க வேண்டியது வேற. மலையோட வாசல் இப்போ செக்போஸ்ட்டில் இல்லை, போனுக்குள்ளே இருக்கு! பேர், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கப் போறீங்க, வண்டி நம்பர் என்று கேட்கிற அத்தனை கட்டத்தையும் நிரப்பினால்தான் அந்த வாசல் திறக்கும். டாக்ஸி பிடித்துக் குடும்பத்தோட வருகிறவர் பார்வையில்லாதவராக இருந்தால்? கை நடுக்கத்தில் எழுத்துத் தட்ட முடியாதவராக இருந்தால்?

பாஸ் மட்டுமா? டாக்டரிடம் டோக்கன், லேப் ரிப்போர்ட், பேங்க், காஸ் புக்கிங், கரண்ட் பில் என்று வரிசையாக எல்லாம் போனுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மலையில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்தான், இல்லேங்கலை. கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி இறங்கி, ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு நாள் போய்விடும். வீல்சேரில் இருக்கிறவருக்கு அந்தப் பயணம் எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசுகிற ஆப் அவருக்குத்தான் மற்ற எல்லாரையும்விட அவசியம். அந்த ஆப் அவருக்குத் திறக்கலைன்னா, நஷ்டமும் அவருக்குத்தான் அதிகம்.

பழநி அடிவாரத்தில் நின்று மேலே பாருங்கள். படியேற முடியாதவர்களுக்கு விஞ்ச் இருக்கு. 2004-லிருந்து ரோப் காரும் இருக்கு. 'முடிஞ்சா ஏறி வா, இல்லேன்னா கீழேயிருந்தே கும்பிட்டுட்டுப் போ'ன்னு யாரும் சொல்வதில்லை. இணையதளத்துக்கும் ஆப்புக்கும் அதே மாதிரி ஒரு விஞ்ச் இருந்தே தீரணும் என்று நம்ம நாட்டில் சட்டமே இருக்கிறது. பல பேருக்கு இது தெரியாது.

கண்ணை மூடிக்கிட்டு ஒரு டெஸ்ட்!

சட்டத்துக்குப் போகும் முன்னால் ஒரு சின்னப் பரீட்சை. உங்க போனில் செட்டிங்ஸ் போங்க. 'ஆக்சஸிபிலிட்டி' என்று ஒரு பகுதி இருக்கும். அதற்குள்ளே ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' இருக்கும். போட்டவுடன் போன் பேச ஆரம்பிக்கும். பயந்துடாதீங்க! ஒரு தடவை தொட்டால், தொட்ட இடத்தில் என்ன இருக்குன்னு சொல்லும். இரண்டு தடவை தட்டினால்தான் அந்த பட்டன் வேலை செய்யும். டாக்பேக்கில் பக்கத்தை மேலும் கீழும் தள்ளுவதற்கு இரண்டு விரல் வேணும். தமிழ்க் குரலும் உண்டு. இது தெரியாமல் 'போன் கெட்டுப் போச்சு'ன்னு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நிறைய!

இப்போ கண்ணை மூடிக்கிட்டு, நீங்க வழக்கமாக டோக்கன் எடுக்கிற ஆஸ்பத்திரி ஆப்பையோ, பணம் அனுப்புகிற ஆப்பையோ திறந்து பாருங்க. அஞ்சே நிமிஷம். நல்லபடியாகச் செய்த ஆப் என்றால் 'டாக்டரைத் தேடு, பட்டன்', 'நாளை காலை 10 மணி, காலியாக இருக்கிறது' என்று அழகாகச் சொல்லிக்கொண்டே வரும். மோசமாகச் செய்த ஆப் என்றால் 'பட்டன்... பட்டன்... பெயரில்லாத பட்டன்...' அவ்வளவுதான். எது பணம் கட்டுகிற பட்டன், எது ரத்து செய்கிற பட்டன்? தெரியாது.

கோளாறு எங்கே என்கிறீர்களா? போனுக்குக் கண் கிடையாது. ஆப் செய்தவர் ஒவ்வொரு படத்துக்கும் பட்டனுக்கும் உள்ளே ஒரு பேர் எழுதிவைத்திருந்தால், அதைத்தான் அது படிக்கும். எழுதவில்லை என்றால் முழிக்கும். பேர் எழுதுவது பெரிய செலவு பிடிக்கிற வேலையா? இல்லவே இல்லை. ஆரம்பத்திலேயே செய்தால் சமையலில் உப்புப் போடுகிற மாதிரி. மறந்துட்டுக் கடைசியில் சரிபண்ணப் போனால்தான் சிரமம்.

கோணல் மாணலாக எழுத்தைக் காட்டி 'இதைப் பார்த்து டைப் செய்'ன்னு சொல்கிற சோதனையும் பார்வையில்லாதவர்களுக்குப் பூட்டுதான். 'சிவப்பில் இருப்பதை நிரப்புக' என்பது நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பூட்டு. 'விவரங்களுக்கு இந்த நம்பருக்குப் பேசவும்' என்று மட்டும் போட்டால் காது கேளாதவர்களுக்குப் பூட்டு. ஓ.டி.பி.யை 30 விநாடிக்குள் அடிக்கணும்னா கை நடுங்குகிறவர் என்ன செய்வார்? மலையில் சிக்னல் வேற போய்ப் போய் வரும்!

ரிப்போர்ட் யாருக்கு வந்தது?

'வீட்டில்தான் பிள்ளைங்க இருக்காங்களே, படிச்சுச் சொல்ல மாட்டாங்களா?'ன்னு கேட்பீங்க. சொல்வார்கள். சில நேரம் பக்கத்து வீட்டுக்காரர்கூட உதவி செய்வார். ஆனால் யோசிங்க. கல்யாணமாகி சில வருஷம் ஆன பார்வையற்ற பெண், கர்ப்பப் பரிசோதனை முடிவை முதலில் யாரிடமிருந்து தெரிந்துகொள்ளணும்? கொழுந்தனிடமிருந்தா? எதிர்வீட்டுப் பையனிடமிருந்தா? மனநல மருந்து, பால்வினை நோய் டெஸ்ட், புற்றுநோய் பயாப்ஸி... டாக்டரும் நோயாளியும் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள். அதையெல்லாம் ஒரு மூன்றாவது ஆள் வாயால்தான் கேட்கணும் என்றால் அதுக்குப் பேர் உதவி இல்லீங்க. பேங்க் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லி ஏமாந்துபோனவர்கள் கதை வேறு இருக்கிறது.

லேப் ரிப்போர்ட் விஷயத்தில் ஒரு சூட்சுமம். வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட்டைத் திறந்து, ஏதாவது ஒரு வார்த்தையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்க. அந்த வார்த்தை மட்டும் தனியாகத் தேர்வாகிறதா? அப்போ அது எழுத்து, போன் படிக்கும். எதுவுமே நடக்கலையா? அது வெறும் போட்டோ. 'எழுத்தாக இருக்கிற ஃபைலாக அனுப்புங்க'ன்னு லேபில் கேளுங்க. கம்ப்யூட்டரில்தானே டைப் செய்திருப்பார்கள், பிரிண்ட் எடுத்து மறுபடி போட்டோ பிடித்து அனுப்புவது அவர்களுக்குத்தான் இரட்டை வேலை!

சரி, நமக்கெதுக்கு இதெல்லாம் என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க. சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தால் விழித்திரை பாதிக்கப்படும்னு இந்தப் பத்திரிகையிலேயே எத்தனை தடவை படிச்சிருப்பீங்க? முடக்குவாதம் விரலைக் கோணலாக்கும். பார்க்கின்ஸன்ஸ் கையை நடுங்க வைக்கும். பக்கவாதம் வந்தால் பேச்சு குழறும். இன்னிக்கு 'அவங்களுக்கு' என்று நாம் சொல்கிற வசதி, பத்து வருஷம் கழிச்சு நம்ம அப்பாவுக்கு, அப்புறம் நமக்கு.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமியை நினைச்சுப் பாருங்க. முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் நிரந்தரமாக வளைந்துபோயிருந்தன. அந்தக் கையாலேயே ஆயிரக்கணக்கான கண் ஆபரேஷன்கள் செய்தார். எப்படி? தன் விரலுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டார். ஆப் செய்கிறவர்களிடம் நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

சட்டத்தில் என்ன இருக்கு?

பழைய சட்டம் 1995-ல் வந்தது. அதில் 7 வகைக் குறைபாடுகள்தான். புதுசு, 'மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016'. 2017 ஏப்ரல் 19-ல் அமலுக்கு வந்தது. இதில் 21 வகை. முழுப் பார்வையின்மை மட்டுமில்லை, குறைந்த பார்வை, காது மந்தம், பார்க்கின்ஸன்ஸ், ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் இதில் அடக்கம்.

நமக்கு வேண்டிய பிரிவுகள் இரண்டு. 42-வது பிரிவு, தகவல்களும் மின்னணுச் சாதனங்களும் எல்லாரும் பயன்படுத்துகிற விதத்தில் இருக்க அரசு வழிசெய்யணும் என்கிறது. 46-வது பிரிவுதான் முக்கியம். சேவை தருகிற எவரும், அது அரசாங்கமோ தனியாரோ, விதிகள் வந்த 2 வருஷத்துக்குள் தங்கள் சேவையை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி செய்யணும். விதிகள் வந்தது 2017 ஜூனில். ஆக, கெடு 2019 ஜூனிலேயே முடிஞ்சு போச்சு!

'எனக்கு 40 சதவீத சர்டிபிகேட் இல்லையே' என்று தயங்குகிறவர்கள் கவனிங்க. வேலையில் இடஒதுக்கீடு மாதிரியான சலுகைகளுக்குத்தான் அந்த 40 சதவீதக் கணக்கு. இந்த 42, 46 பிரிவுகளில் அப்படி ஓர் அளவே கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ்குமார் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே ரீதியில் தீர்ப்புச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற பாதிப்பு அவருக்கு. சிவில் சர்வீஸ் பரீட்சை எழுத உதவியாளர் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்றார்கள் நீதிபதிகள்.

தனியார் ஆப்பை யார் கேட்பது என்கிறீர்களா? கேட்டிருக்கிறார்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எடுக்க உதவுகிற 'பிராக்டோ' மேல் பார்வையற்ற வக்கீல் ராகுல் பஜாஜ், டெல்லியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான முதன்மை ஆணையரிடம் புகார் கொடுத்தார். தனியார் நிறுவனமும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்று 2022-ல் உத்தரவு வந்தது. 2025-ல் அதே ஆணையர் அலுவலகம், 155 அமைப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் டீ செலவு. ஆனால் திரும்பவும் மீறினால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை போகும்.

உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பர் 8-ம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில், அரசாங்கம் போட்ட விதிகள் 'செய்தால் நல்லது' என்கிற தோரணையில் இருக்கின்றன, சட்டமோ 'செய்தே ஆகணும்' என்கிறது, ஆகவே கட்டாயமான குறைந்தபட்ச விதிகளைத் தனியாக வகுக்கணும் என்று உத்தரவிட்டது.

அடுத்தது 2025 ஏப்ரல் 30. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த பிரக்யா பிரசூன் என்ற பெண், ஒரு தனியார் வங்கியில் கணக்குத் தொடங்கப் போனார். கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்க, அப்பதான் நீங்க நிஜ ஆள் என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கும் என்றார்கள். சிமிட்ட இமை எங்கே இருக்கு அவருக்கு? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பார்வையற்ற வக்கீல் அமர் ஜெயின் போட்ட வழக்கும் சேர்ந்துகொண்டது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இரண்டு பேரும் 20 உத்தரவுகள் போட்டார்கள். தீர்ப்பை எழுதிய மகாதேவன் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். இணையச் சேவைகளை அணுகுவது, உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று அதில் சொல்லியிருக்கிறார். அதாவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு! கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேணும், காகிதத்தில் விண்ணப்பிக்கும் முறையும் தொடரணும், கம்ப்யூட்டர் நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு மனுஷர் மறுபடி பார்க்கணும் என்பதெல்லாம் அந்த 20-ல் உண்டு.

உலகத்தில் இதற்கு முன்னோடி யார் தெரியுமா? ஆஸ்திரேலியாக்காரர் புரூஸ் மகுவயர். பார்வையற்றவர். சிட்னி ஒலிம்பிக்ஸ் இணையதளத்தைத் தன்னால் படிக்க முடியலைன்னு 1999-ல் புகார் செய்தார், ஜெயித்தார். ஒலிம்பிக் அமைப்பாளர்கள் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே நாட்டைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர்கள் இரண்டு பேர் 2006-ல் உருவாக்கியதுதான் 'என்.வி.டி.ஏ.'. கம்ப்யூட்டர் திரையைப் படித்துச் சொல்கிற மென்பொருள். காசே வேண்டாம், தமிழும் படிக்கும்.

ஏ.ஐ. படிச்சுச் சொல்லிடுமே?

சொல்லும். பிரமாதமாகவே சொல்லும். பார்வையற்றவர்களுக்கு ஊர் பேர் தெரியாத தொண்டர்கள் வீடியோவில் உதவுகிற 'பி மை ஐஸ்' என்ற ஆப், 2015-ல் டென்மார்க்கில் தொடங்கியது. 2023-லிருந்து அதில் ஏ.ஐ.யும் சேர்ந்துகொண்டது. போட்டோ எடுத்தால் போதும், 'எதிரில் நீல நிறக் கதவு, மேலே மெடிக்கல்ஸ் என்று போர்டு' என்று வர்ணிக்கும். மருந்துச் சீட்டு, பஸ் போர்டு, பால் பாக்கெட் தேதி எதைக் காட்டினாலும் சொல்லும். பலருக்கு இது இரண்டாவது கண்.

ஆனால் மருந்து விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீங்க. ஏ.ஐ.க்குத் தெரியலைன்னாலும் தெரிந்த மாதிரியே சரளமாகப் பேசும். 0.5 மில்லிகிராமில் புள்ளியை விட்டுவிட்டால் 5. இன்சுலின் 3 யூனிட்டை 8 என்று படித்தால் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை பேரையும் அளவையும் மருந்துக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்க. போனில் அவர் சொல்வதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ரிப்போர்ட்டை ஏ.ஐ.யிடம் காட்டும்போது அந்தப் படம் ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். பேர், விலாசம் இருக்கிற மேல்பகுதியைக் கையால் மறைச்சுட்டு எடுக்கலாம். பார்வையில்லாதவருக்கு அதுவும் சிரமம்தான். எழுத்து ஃபைலாகவே ரிப்போர்ட் வந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. இப்போ நிறைய ஆஸ்பத்திரிகளில் போன் எடுத்தால் ஏ.ஐ. குரல்தான் பேசுகிறது. பக்கவாதத்தால் நாக்குக் குழறுகிறவர், திக்குகிறவர், மூளைமுடக்குவாதம் உள்ளவர் பேசினால் அதற்குப் பிடிபடுவதில்லை. 'மன்னிக்கவும், புரியவில்லை' என்று மூணு தடவை சொல்லிட்டு லைனைத் துண்டித்துவிடுகிறது. காது கேளாதவருக்கு அந்தக் குரலால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஏ.ஐ. என்று 2016 சட்டத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாதுதான். ஆனால் ஆஸ்பத்திரியோ வங்கியோ தன் சேவையின் வாசலில் அதைக் காவல் வைத்தால், சேவைக்கான 46-வது பிரிவு அந்தக் காவலாளிக்கும் பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுதிக் கேட்கவும், ஒரு மனுஷரிடம் பேசவும் வழி வைக்கச் சொல்லுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

புகார் எப்படி எழுதுறது?

'உங்க ஆப் சரியில்லை' என்று ஒரு வரி எழுதினால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். தேதி, நேரம், எந்த போன், எந்த ஆப், எந்தப் பக்கம், டாக்பேக் போட்டபோது என்ன சொன்னது, அதனால் உங்களுக்கு என்ன நின்றுபோனது... இப்படிப் புட்டுப் புட்டு எழுதணும். 'மார்ச் 4 காலை 9 மணிக்கு டோக்கன் பக்கத்தில் நேரம் தேர்வு செய்யும் பட்டன்கள் ஐந்துக்கும் பேரில்லை. அதனால் கண் டாக்டரைப் பார்க்க முடியாமல் ஒரு வாரம் தள்ளிப்போனது' என்று எழுதினால் எந்த இன்ஜினீயருக்கும் புரியும். திரையையும் டாக்பேக் குரலையும் சேர்த்துப் பதிவு செய்த வீடியோ இருந்தால் ரொம்பப் பலம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதையும் குறிப்பிட்டு முதலில் அந்த நிறுவனத்துக்கே அனுப்புங்க. நிறையப் பேர் அந்தக் கட்டத்திலேயே சரிசெய்து கொடுத்துவிடுவார்கள்.

பதிலே இல்லையா? சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். மத்திய அரசு சம்பந்தப்பட்டது என்றால் டெல்லி முதன்மை ஆணையருக்கு. விசாரணையில் ஆளை வரவழைக்கவும், ஆவணம் கேட்கவும் ஒரு சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கு உண்டு. வக்கீல் வைத்துத்தான் ஆகணும் என்றில்லை. கொடைக்கானல், பழநிப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுதத் தயங்கினால், திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார்த்து வழி கேட்கலாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, ரசீதையும் மனுவின் நகலையும் பத்திரமாக வையுங்க. ஆணையர் அலுவலகம் நோட்டீஸ் அனுப்பினால், நிறுவனம் முதலில் சொல்லப்போவது 'எங்களுக்குப் புகாரே வரவில்லை' என்பதாகத்தான் இருக்கும்.